பசியிலிருந்து பேராசைக்கு: ‘இஸூரியன்ட்’ என்னும் அடைச்சொல்லின் வரலாறு

ஆங்கிலத்தில் பேராசைக்காரரைச் சுட்டும் அடைச்சொற்களுள் ‘இஸூரியன்ட்’ மிக அரிதானது. அகராதிகள் அதற்கு இரண்டு பொருள் தருகின்றன. ஒன்று, பசித்த, மற்றொன்று, பேராசை கொண்ட. ஆக்ஸ்ஃபோர்டு சுருக்க அகராதியின் 20ஆம் நூற்றாண்டுப் பதிப்புகள் இரண்டாம் பொருளை விளக்கும்போது வறுமையையும் சேர்த்தே சொல்கின்றன: கையில் காசில்லாத, கூடவே பேராசையும் கொண்ட. பேராசைக்கான பிற ஆங்கிலச் சொற்களில் இந்தச் சேர்க்கை இல்லை. ‘அவாரிஷஸ்’ என்பது பணத்தை விரும்பிச் சேர்ப்பவரைக் குறிக்கும்; அவர் செல்வராகவே இருப்பார் என்பது பொதுவான எண்ணம். ‘ரப்பேஷஸ்’ பறித்துக்கொள்பவரையும், ‘வொரேஷஸ்’ விழுங்கித் தீர்ப்பவரையும் சுட்டும். ஏழையாக இருப்பதையும் பேராசைப்படுவதையும் ஒரே குற்றச்சாட்டாக்கும் சொல் இது ஒன்றே. பசித்தவர் எப்படிப் பேராசைக்காரர் ஆனார் என்பதை இச்சொல் கடந்துவந்த பாதையில் தெளிவாகப் பார்க்கலாம்.

இதன் மூலம் இலத்தீன். ‘எடெரே’ என்றால் உண்ணுதல். அதன் அடியோடு விழைவைக் காட்டும் ஈறு சேர்ந்து ‘ஏசுரீரே’ என்ற வினை பிறந்தது. உண்ண விழைதல் என்பது அதன் நேர்ப்பொருள். பசித்தல் என்பது வழக்குப்பொருள். அந்த வினையின் நிகழ்கால எச்சம் ‘ஏசுரியென்ஸ்’. ‘பசிக்கின்ற’, ‘பசித்தவன்’ என்ற இரு நிலைகளிலும் அது வழங்கியது. ஆங்கிலம் எடுத்துக்கொண்டது இந்த எச்ச வடிவத்தைத்தான்.

‘எடெரே’யின் வேர் இந்தோ-ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் கிளைத்திருக்கிறது. ஆங்கிலத்தின் ‘ஈட்’ அதன் வழிவந்தது. சமஸ்கிருதத்தில் அதே வேர் ‘அத்’ என நிற்கிறது. தமிழில் நெடுங்காலமாக வழங்கிவரும் ‘அன்னம்’ என்ற வடசொல் அந்த ‘அத்’ வேரிலிருந்து வந்தது. உண்ணப்பட்டது என்பது அதன் அடிப்பொருள். தைத்திரீய உபநிடதம் இச்சொல்லுக்கு விளக்கம் தரும்போது, அன்னம் உயிர்களால் உண்ணப்படுகிறது, உயிர்களை உண்ணவும் செய்கிறது என்று இருபுறமும் பொருள் காண்கிறது. யானையின் கொம்பைக் குறிக்கும் ‘தந்தம்’ என்ற சொல்லையும் மொழியியலாளர் பலர் இந்த வேரோடு இணைக்கின்றனர். அதன் மூலப்பொருள் பல்; பல் என்பது உண்ணும் உறுப்பு. இலத்தீனில் இந்த ஒரே வேர் பசிக்கு ‘ஏசுரீரே’யையும், தின்று பருத்த உடலுக்கு ‘ஒபேசுஸ்’ என்ற சொல்லையும் தந்தது. மிகை உடல் எடையைக் குறிக்க மருத்துவர்கள் இன்று ஆளும் ‘ஒபீசிட்டி’ பின்னதன் வழிவந்தது.

விழைவு ஈறு சேர்த்து வினை ஆக்கும் முறை தமிழருக்கும் வடசொற்கள் வழியே பழகியதே. சமஸ்கிருதத்தில் அது அசை இரட்டிப்பால் அமையும். இலத்தீனில் ஈற்றால் அமையும். ஆக்கும் விதம் வேறு, கருத்து ஒன்று. அறிய விழைதல் ‘ஜிஜ்ஞாசை’, குடிக்க விழைதல் ‘பிபாசை’, விடுபட விழைபவர் ‘முமுட்சு’. மருத்துவமனை வாசலில் அன்றாடம் கேட்கும் ‘சிகிச்சை’யும் வடிவில் இந்த வகையைச் சேர்ந்ததே. உண்ண விழைதல் என்ற பொருளில் பசியைக் குறிக்கும் ‘புபுட்சை’ என்ற சமஸ்கிருதச் சொல், ‘ஏசுரீரே’க்குக் கருத்தளவில் நேர் இணை. இரு மொழிகளும் பசியை உடலின் குறையாகப் பார்க்காமல், மனத்தின் விழைவாகப் பார்த்துப் பெயரிட்டிருக்கின்றன. பிற்காலப் பொருள் மாற்றத்துக்கான வழி அங்கேயே திறந்திருக்கிறது எனலாம். விழைவு என்று பெயரிட்ட பிறகு, அந்த விழைவு அளவு மீறுகிறதா என்ற கேள்வியை எவரும் எழுப்பக்கூடும்.

உரோமானியர் இந்த விழைவு ஈற்றை அரசியலுக்கும் பயன்படுத்தினர். கி.மு. 49இல் உள்நாட்டுப் போர் மூண்ட வேளையில் சிசெரோ தம் நண்பர் அட்டிகஸுக்கு எழுதிய கடிதத்தில் உரோமானியத் தளபதி பாம்பேயின் மனநிலையைச் சொல்ல இரண்டு புதுச் சொற்களை உருவாக்கினார். சுல்லாவைப் போல ஆக விழைதல் என்பது ஒன்று; எதிரிகளின் பெயர்ப்பட்டியலை வெளியிட விழைதல் என்பது மற்றொன்று. சர்வாதிகாரி சுல்லா கி.மு. 82இல் தொடங்கி வெளியிட்ட பட்டியல்களில் பெயர் கண்டவர்களை எவரும் கொல்லலாம். அவர்களின் சொத்து பறிமுதலாகி ஏலத்துக்கு வரும். ‘ஏசுரீரே’யின் அச்சில் வார்த்த இந்தச் சொற்கள், அடக்க முடியாத உடல் வேட்கையாக அதிகார ஆசையைச் சித்தரித்தன. அந்த ஈற்றின் ஓசையில் உரோமானியச் செவிக்கு ஓர் இழிவுக்குறிப்பு கேட்டிருக்க வேண்டும்.

பசித்தவரை இகழ்ச்சியோடு பார்க்கும் வழக்கம் அதற்கு முன்பே மேடையில் ஊன்றியிருந்தது. பிளாட்டஸின் நகைச்சுவை நாடகங்களில் அண்டிப்பிழைப்பவன் ஒரு நிலைத்த பாத்திரம். வசதியானவர் வீட்டுப் பந்தியில் இடம்பிடிக்க முகத்துதி பேசுவான், ஏவல் செய்வான், அவமானம் தாங்குவான். ‘சிறைப்பட்டோர்’ என்னும் நாடகத்தில் வரும் எர்காசிலுஸ் அப்படிப்பட்டவன். தன் வயிறும் தொண்டையும் கொண்டாடும் பட்டினி நாட்களுக்கு அவன் ஒரு பெயர் வைக்கிறான்: பசித் திருவிழா. அரசு விழாக்களுக்குரிய சொல்லோடு ‘ஏசுரியாலிஸ்’ என்ற அடையைச் சேர்த்து பிளாட்டஸ் அதை ஆக்கினார். பார்வையாளர் சிரித்தனர். அந்தப் பாத்திரத்துக்கு நிலமோ தொழிலோ இல்லை, அடுத்த வேளைச் சோற்றுக்கு உறுதி இல்லை என்பதெல்லாம் நாடகத்தின் தரவுகள்தாம். ஆயினும் சிரிப்பு அவனுடைய வேட்கையின் மீதே விழுந்தது. பசி ஒரு நிலை என்பதிலிருந்து ஒரு குணம் என்பதாக மாறும் முதல் படி இது.

கி.பி. முதல் நூற்றாண்டின் இறுதிக்குள் உரோம் நகரம் பேரரசின் எல்லா மூலைகளிலிருந்தும் பிழைப்புத் தேடுவோரை ஈர்த்துக்கொண்டிருந்தது. செல்வர்கள் தங்களை அண்டியோருக்கு நாள்தோறும் தரும் படிக்கு ‘ஸ்போர்த்துலா’ என்று பெயர். ஸ்பெயினிலிருந்து வந்த கவிஞர் மார்ஷல் ஒரு சிறுபாடலில் துக்கியுஸ் என்பவனை ‘ஏசுரீத்தோர்’, அதாவது பசித்துத் திரிபவன், என்கிறார். ஸ்பெயினிலிருந்து உரோமை நோக்கிப் புறப்பட்ட அவன், நகரின் வாயிலருகே மில்வியன் பாலத்தில் ஸ்போர்த்துலா பற்றிய செய்தியைக் கேட்டதும் வந்த வழியே திரும்பிவிடுகிறான். எள்ளல் பாடல்தான். ஆனால் அதே ஸ்பெயினிலிருந்து வந்து அதே படியை நம்பிக் காலம் தள்ளியவர் மார்ஷல். எள்ளலுக்குள் அவருடைய சொந்த அனுபவமும் இருக்கிறது.

ஜூவெனலின் மூன்றாம் அங்கதப் பாடலில் அந்தப் பரிவும் இல்லை. உரோமில் வாழ வழியின்றிக் கூமேவுக்குக் குடிபெயரப் புறப்பட்ட உம்பிரிசியுஸ் என்பவன் நகரைப் பழித்துப் பேசுகிறான். அவன் கோபத்தின் பெரும்பகுதி கிழக்கிலிருந்து வந்த கிரேக்கர்கள் மீது. இலக்கண ஆசிரியன், ஓவியன், கயிற்றில் நடப்பவன், மருத்துவன், குறி சொல்பவன் என எந்த வேலையையும் செய்யத் துணியும் கிரேக்கனை அவன் ‘பசித்த கிரேக்கப்பயல்’ என்ற பொருளில் ‘ஏசுரியென்ஸ்’ என்ற அடையோடு சுட்டுகிறான். பிற்கால ஐரோப்பா இலத்தீன் பள்ளிகளில் மனப்பாடம் செய்தது இந்தச் சொற்சேர்க்கையைத்தான். இங்கே பழிப்பவனும் வறியவன். தனக்குக் கிடைக்காத இடத்தை இன்னொருவன் பெற்றான் என்பதே அவன் ஆற்றாமை. தன்னுடைய வறுமையை நேர்மை என்றும், வந்தவனுடைய வறுமையைப் பேராசை என்றும் அவன் பிரித்துச் சொல்கிறான். ‘இஸூரியன்ட்’ பின்னாளில் பெற்ற இரட்டைப்பொருளின் கரு இந்தப் பேச்சில் முழுமையாக இருக்கிறது.

இலத்தீனில் இச்சொல் எப்போதும் ஏழைகள் மீதே ஏவப்பட்டது என்று கொள்வதும் பிழை. அலெக்சாந்தரின் வரலாற்றை எழுதிய குர்த்தியுஸ் ரூஃபுஸ், தம் நூலின் ஏழாம் பகுதியில் சிதியத் தூதர்கள் அலெக்சாந்தரிடம் பேசும் ஓர் உரையை அமைத்திருக்கிறார். உன் செல்வம் உன்னைப் பசிக்க வைக்கிறதென்றால் அதனால் உனக்கு என்ன பயன் என்று தூதர் கேட்கிறார். நிறைவிலிருந்து பசியை உண்டாக்கிய முதல் மனிதன் நீயே, கிடைக்கக் கிடைக்க இல்லாததன் மீது வேட்கை கூடுகிறது என்கிறார். அந்தக் கேள்வியில் வரும் வினை ‘ஏசுரீரே’. பேராசை என்பதன் உண்மையான இலக்கணம் இந்த உரையில்தான் துல்லியமாக வருகிறது: உண்டதால் வளரும் பசி. வெர்ஜிலும் பொன்மீதான பசியைப் பாடினார். ஆனால் அவர் ஆண்ட சொல் ‘ஃபாமெஸ்’ என்ற வேறொன்று. பேரரசர்களுக்கும் வெற்றியாளர்களுக்கும் உரியதாக இந்தச் சொல் நிலைத்திருந்தால் அதன் பிற்கால வரலாறு முற்றிலும் மாறியிருக்கும். குர்த்தியுஸின் ஆட்சி தனித்து நின்றுவிட்டது. ஜூவெனலின் ஆட்சி பரவியது.

திருச்சபையின் இலத்தீன் இதற்கு நேர் எதிரான பாதையில் சென்றது. கி.பி. 382இல் திருத்தந்தை தாமசுஸின் கட்டளைப்படி ஜெரோம் தொடங்கிய நற்செய்தித் திருத்தத்திலிருந்து உருவான வுல்காத்தா பதிப்பில், மத்தேயுவின் மலைப்பொழிவு நீதிக்காகப் பசிப்போரைப் பேறுபெற்றோர் என்கிறது. லூக்கா முதல் அதிகாரத்தில் மரியாவின் புகழ்ப்பாடல், கடவுள் பசித்தோரை நலன்களால் நிரப்பிச் செல்வரை வெறுங்கையராய் அனுப்பினார் என்று பாடுகிறது. அந்தப் பசித்தோர் ‘ஏசுரியென்தெஸ்’. மேற்கு ஐரோப்பாவின் மடங்களில் அப்பாடல் ஒவ்வொரு மாலை வழிபாட்டிலும் ஒலித்தது. ஆகவே ஓராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இச்சொல் அதிகம் கேட்கப்பட்ட இடம் அங்கதப் பாடல் இல்லை, மாலைச் செபம். இசையமைப்பாளர் பாக் 1723இல் இயற்றி 1733 அளவில் திருத்திய ‘மாக்னிஃபிகாத்’ இசையில் இந்த அடிக்கென்றே தனிப்பகுதி ஒன்று உண்டு. தாழ்ந்த பெண்குரலோடு இரண்டு குழல்கள் இழைகின்றன. செல்வர்கள் வெறுமையாய் அனுப்பப்படும் இறுதியில் குழல்கள் தங்கள் கடைசிச் சுரத்தை வாசிக்காமல் விட்டுவிடுகின்றன. அடிநாதம் மட்டும் முடித்துவைக்கிறது. வெறுமை பசித்தவருக்கு உரியது இல்லை என்ற பொருளை இவ்வளவு நுட்பமாகச் சொன்ன விளக்கவுரை எந்த எழுத்திலும் கிடைப்பது கடினம்.

இதே லூக்கா வசனம் இன்னொரு சான்றையும் தருகிறது. நான்காம் நூற்றாண்டில் ஆயர் வுல்ஃபிலா விவிலியத்தைக் கோத்திய மொழியில் பெயர்த்தார். ஸ்வீடனின் உப்சாலாவில் உள்ள வெள்ளி எழுத்துச் சுவடி அதைக் காத்து வைத்திருக்கிறது. அதில் பசித்தோர் என்ற இடத்தில் வருவது ‘கிரேதாக்ஸ்’ என்ற சொல்லின் வடிவம். ஆங்கிலத்தின் ‘கிரீடி’க்கு அது உடன்பிறப்பு. பேராசைக்கு ஆங்கிலத்தில் மிகப் பொதுவான அந்த அடைச்சொல்லின் இனச்சொல் கோத்தியத்தில் குற்றமற்ற பசியைக் குறித்தது. பழைய ஆங்கிலத்தில் அது ஏற்கெனவே இருபொருள் கொண்டிருந்தது. ‘பேயோவுல்ஃப்’ காப்பியத்தில் மனிதரைத் தின்னும் கிரெண்டல் அந்த அடையால் வருணிக்கப்படுகிறான். ‘கிரீட்’ என்ற பெயர்ச்சொல் அடைச்சொல்லிலிருந்து பின்னோக்கிப் பிரிக்கப்பட்டு 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உருவானது. ஆக, இலத்தீனிலிருந்து ‘இஸூரியன்ட்’ வந்து சேர்ந்தபோது, பசியிலிருந்து பேராசைக்குச் செல்லும் பாதையை ஆங்கிலம் தன் சொந்தச் சொல்லில் ஒருமுறை நடந்து முடித்திருந்தது.

அது வந்து சேர்ந்த காலம் 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி. அறிஞர்கள் இலத்தீன் சொற்களை அள்ளிக்கொண்டுவந்து ஆங்கில ஈறு பொருத்திய காலம் அது. அத்தகைய சொற்களைப் புரிந்துகொள்வதற்காகவே ராபர்ட் காட்ரி 1604இலேயே கடினச் சொற்களின் அகராதியை வெளியிட்டிருந்தார். ஆக்ஸ்ஃபோர்டு அறிஞர்களின் வாழ்க்கை வரலாறுகளைத் தொகுத்து 1691–92இல் வெளியிட்ட அந்தோணி வுட், தமக்குப் பிடிக்காத ஒருவரைச் செல்வத்தின் மீது தீராப் பசி கொண்டவர் எனக் கடிய இச்சொல்லைப் பெயர்ச்சொல்லாக ஆண்டார். சமகாலத்தில் ‘இசூரின்’ என்ற நெருங்கிய சொல் வேதியியலிலும் மருத்துவத்திலும் வழங்கியது. அமிலம்போல் அரித்துத் தின்னும் தன்மை அதன் பொருள். சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு அகராதி அதற்கு மேற்கோளாக, லண்டனை அடுத்த ஹாம்ஸ்டெட்டின் காற்றில் அத்தகைய அரிக்கும் புளிப்பு இருப்பதாக அறுவை மருத்துவர் வைஸ்மன் எழுதியதைத் தருகிறது.

ஜான்சன் ‘இஸூரியன்ட்’டையும் சேர்த்தார். பசித்த, பெருந்தீனி வேட்கையுள்ள என்று சுருக்கமாகப் பொருள் எழுதி, இலக்கிய மேற்கோள் எதுவும் தராமல், பிற அகராதிகளில் காண்பது என்ற குறிப்போடு விட்டுவிட்டார். இச்சொல்லை அவரைவிட நெருக்கமாக அறிந்தவர் எவரும் இருந்திருக்க முடியாது. 1738இல் அவர் வெளியிட்ட ‘லண்டன்’ என்ற கவிதை, ஜூவெனலின் அதே மூன்றாம் அங்கதத்தைத் தழுவியது. உரோமுக்குப் பதில் லண்டன். கிரேக்கனுக்குப் பதில் பிரெஞ்சுக்காரன். ‘ஏசுரியென்ஸ்’ நின்ற இடத்தில் ஜான்சன் பட்டினி கிடப்பவன் என்று பொருள்படும் எளிய ஆங்கிலச் சொல்லை வைத்தார். அதே ஆண்டில் பதிப்பாளர் எட்வர்ட் கேவுக்கு எழுதிய கடிதம் ஒன்றை ‘இம்ப்ரான்சுஸ்’ என்று ஒப்பமிட்டு முடித்திருக்கிறார். உணவு உண்ணாதவன் என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். வெளிநாட்டுப் பசியை இகழும் கவிதையை எழுதியவர் தாமே சாப்பாடு இல்லாமல் இருந்தார். உம்பிரிசியுஸின் நிலை அவருடைய நிலையும் ஆயிற்று.

அகராதியில் உறங்கிக்கொண்டிருந்த சொல்லுக்கு ஆங்கில இலக்கியத்தில் உயிர் கொடுத்தவர் தாமஸ் கார்லைல். 1837இல் வெளிவந்த அவருடைய பிரெஞ்சுப் புரட்சி வரலாற்றின் முதல் தொகுதியில், 1789 மே 4 அன்று வெர்சாயில் நடந்த மக்கள்மன்ற உறுப்பினர்களின் ஊர்வலம் ஒரு பெரும் காட்சியாக விரிகிறது. ஊர்வலத்தை வேடிக்கை பார்க்கும் கூட்டத்தில் சிலரை அவர் பெயர் சொல்லிக் காட்டுகிறார். பருத்த உடலும் கறுத்த புருவங்களும் தட்டையான முகமுமாக நிற்கும் ஒருவரைப் பசித்த, பிழைப்புக்கு வகையற்ற வழக்கறிஞர் என்று அறிமுகம் செய்கிறார். அவர்தான் பின்னாளில் புரட்சியின் தலைவர்களுள் ஒருவரான தாந்தோன். ‘இஸூரியன்ட்’ அங்கே வருகிறது. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி இந்த வாக்கியத்தைச் சான்றாக எடுத்துக்கொண்டது. பின்னர் வந்தவர்கள் இச்சொல்லுக்கு ஏற்றிய வறுமை கலந்த வேட்கை என்ற நிறம் பெரிதும் இதன் வழியே படிந்தது.

இந்த ஆட்சியில் உள்ள கூர்மையைப் பாராட்டாமல் இருக்க முடியாது. தாந்தோன் 1787இல் அரசவை மன்றங்களின் வழக்கறிஞர் பதவியை 78,000 லிவருக்கு வாங்கியிருந்தார். அதில் பெரும்பகுதி கடன். வழக்குகள் குறைவான, கடன் நிறைந்த, ஆற்றல் பொங்கும், முப்பது வயதை நெருங்கும் ஒரு மனிதரைப் பசித்தவர் என்பது வரலாற்றுக்கு ஒத்துப்போகிறது. ஆனால் புரட்சி தொடங்கிய சில ஆண்டுகளில் அவர் கடன்கள் தீர்ந்தன, ஊரில் நிலங்கள் வாங்கப்பட்டன. அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி 1794 ஏப்ரல் 5 அன்று அவர் தலை வெட்டப்பட்ட பிறகும் ஓயவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரலாற்றாசிரியர் ஓலார் அவரைத் தூய தேசபக்தர் என்றார். ஓலாரின் மாணவரான மத்தியேஸ் கணக்குகளைத் தோண்டி எடுத்து, தாந்தோன் அரண்மனையிடம் விலைபோனவர் என்று சாடினார். பசித்தவரா, பேராசைக்காரரா என்பதே அந்தச் சர்ச்சையின் சாரம். கார்லைலுக்கு தாந்தோன்மீது பரிவு இருந்தது. அவர் தேர்ந்த அடைச்சொல் இரு பக்கத்துக்கும் இடம்கொடுத்தது. பரிவோடு படிப்பவருக்கு அது வறுமை, ஐயத்தோடு படிப்பவருக்கு அது வேட்கை.

கார்லைலுக்குப் பின் இச்சொல்லைப் பயன்படுத்தியவர்கள் சிலரே. ‘இஸூரியன்ஸ்’ என்ற பெயர்ச்சொல்லும் உடன் வழங்கியது. பதவி தேடுவோர், ஆதரவாளரை நாடும் எழுத்தாளர், வாய்ப்புக்காகக் காத்திருக்கும் வழக்கறிஞர் போன்றோரைச் சுட்டவே இச்சொல் பொருத்தமாகக் கருதப்பட்டது. சுரங்க முதலாளியையோ வங்கி உரிமையாளரையோ சுட்ட வேறு சொற்கள் இருந்தன. ஏறிவர முயல்பவரின் வேட்கைக்கும் ஏறி அமர்ந்தவரின் வேட்கைக்கும் ஆங்கிலம் தனித்தனி அடைகளை வைத்துக்கொண்டது என்று இதிலிருந்து கொள்வது தகும்.

பொதுமக்களின் செவியில் இச்சொல் விழுந்தது தொலைக்காட்சி வழியே. பிபிசி 1972 நவம்பர் 30 அன்று ஒளிபரப்பிய மான்டி பைத்தான் நகைச்சுவை நிகழ்ச்சியில், ஜான் கிளீஸ் நடித்த வாடிக்கையாளர் ஒரு பாலாடைக்கட்டிக் கடைக்குள் நுழைகிறார். பொது நூலகத்தில் நாவல் படித்துக்கொண்டிருந்தபோது வயிறு கிள்ளியதாகப் பேச்சுவழக்குச் சொல்லால் சொல்கிறார். கடைக்காரருக்குப் புரியவில்லை. உடனே ‘இஸூரியன்ட்’ என்று விளக்குகிறார். அதுவும் எட்டாமல் போக, வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பேச்சில் பசிக்கிறது என்று நாட்டுப்புறத்தார் சொல்வதுபோலச் சொல்லிக் காட்டுகிறார். மூன்று தரத்து மொழிகளில் ஒரே பொருள். அந்தக் கடையில் பாலாடைக்கட்டி எதுவுமே இல்லை என்பது பின்னர் வெளிப்படுகிறது. பேராசை என்ற சாயல் இந்தப் பயன்பாட்டில் துளியும் இல்லை. காசோடு வந்து வாங்க முடியாமல் நிற்கும் ஒருவரின் வெறும் பசி மட்டுமே உண்டு. இன்று இச்சொல்லை அறிந்த ஆங்கிலேயர் பலர் அதை அறிந்தது இந்தக் காட்சியிலிருந்துதான். அதனால் பேச்சில் அது வேடிக்கையாகச் சொல்லப்படும் பசியாகவே வருகிறது. பேராசைப் பொருள் அகராதிகளிலும், கார்லைலின் தாந்தோனை மனத்தில் வைத்து எழுதுவோரின் உரைநடையிலும் தங்கியிருக்கிறது.